போரி மரத்து இலைப்பேன்

பூலிகல்,
12 செப்டம்பர் 1982

அன்புள்ள நோரீன்,

பிரிந்திருக்கும் இந்த ஆறு வருஷத்தில் நீ என்னிடம் கேட்டதெல்லாம் உன் ஆய்வுக்குப் பூச்சி மட்டும்தான். குளக்கரைப் போரி வேல மரங்களில் இலை வீங்கிய முடிச்சுகள் நிறைய. மூன்றை ஒடித்து அனுப்பியிருக்கிறேன். மழையே இல்லை. அடுத்த வாரம் அந்தக் கிளைகளையும் வெட்டி ஆடுகளுக்குப் போட வேண்டும், வேறு தீனி கிடையாது. அலுத்துவிட்டது.

கீத்

கான்பெரா,
21 செப்டம்பர்

அன்புள்ள கீத்,

முடிச்சுகளைப் பிரித்தேன். உள்ளே குட்டைச் சிறகும் தடித்த முன்னங்காலுமாகச் சில இலைப்பேன்கள். இங்கே ஆய்வகத்தில் சேர்த்து வைத்திருக்கும் எதனோடும் ஒத்துப்போகவில்லை. புது இனம், அடித்துச் சொல்வேன். ஆனால் இன்னும் நிறைய வேண்டும். நவம்பர் முடியும்வரை அந்த மரங்களில் கை வைக்காதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நோரீன்

பூலிகல்,
25 அக்டோபர்

நோரீன்,

மரங்களைத் தொடவில்லை. ஆடுகளைத்தான் லாரியில் ஏற்றினேன், அறுப்புக்கு. மதுக்கடையில் பக்கத்துப் பண்ணை மெர்வ் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்: "ஓடிப்போன பொண்டாட்டியோட பேனுக்காக மந்தையையே அனுப்பிட்டாரு தொர." சிரித்து வைத்தேன். ஓட்டை விழாத, மூடிய முடிச்சுகள் நாற்பது இத்துடன். கிறிஸ்துமஸுக்கு வருகிறாயா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

உன் கீத்

கான்பெரா,
15 நவம்பர்

அன்புள்ள கீத்,

ஒரு வாரமாக இதை எழுதப் பயந்துகொண்டிருந்தேன். மூடிய முடிச்சு ஒவ்வொன்றிலும் நீளச் சிறகுள்ள தாய் ஒன்று இருக்கிறது. எல்லோரும் அறிந்த பழைய இனம்தான். போரி மரம் நிற்கும் இடமெல்லாம் அது உண்டு. குட்டைச் சிறகுள்ளவை, முடிச்சைக் காவல் காக்கப் பிறந்த அதன் மகள்கள். முதலில் நீ அனுப்பியவை ஓட்டை விழுந்த முடிச்சுகள், தாய் செத்து உதிர்ந்துபோயிருக்கிறது. முப்பது வருஷம் இதே வேலை செய்தவள், அதைப் பார்க்காமல் அவசரப்பட்டுவிட்டேன். உன் ஆடுகள் என் தவறால் போயின. எந்த முகத்தோடு நான் அங்கே வருவேன்?

நோரீன்

பூலிகல்,
24 நவம்பர்

நோரீன்,

படித்ததும் கோபம் வந்தது. கடைசி வேலிவரை நடந்துவிட்டுத் திரும்பினேன். புது இனம் என்றே நீ எழுதியிருந்தால் சாகும்வரை நம்பியிருப்பேன். இங்கே யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? இருந்தும் சொன்னாய்.

நீ வரலாம். பஸ் நிறுத்தத்துக்கு நானே வருகிறேன். ஆடுகளைப் பற்றிப் பேசமாட்டேன் என்று மட்டும் என்னிடம் சத்தியம் கேட்காதே.

கீத்