கோப்பில் பெயரில்லாத என் அப்பாவுக்கு

சொல்லாமலே இருந்து, சொல்லாமலே போய்விட்ட என் அப்பாவுக்கு, மூத்தவள் சிவகாமி விழுந்து வணங்கி எழுதுவது.

உங்கள் மூன்றாம் வருஷத் திதி நல்லபடியாக முடிந்தது. உங்கள் மாப்பிள்ளையின் சூளையில் நவராத்திரி பொம்மைக்கு இப்போதே வேலை ஆரம்பித்துவிட்டது. வீடெல்லாம் வெள்ளைக் களிமண் தூசு. பெருக்கிப் பெருக்கிக் கை ஓய்ந்துபோகிறது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. அப்பா, நீங்கள் சயாமிலிருந்து ஏன் திரும்பி வந்தீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பின்னால் என்றாவது இதை எடுத்துப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு உலக யுத்தங்களுக்கும் நடுவே, கல்யாணத்துக்கு முன்னால், நீங்கள் சயாம் தலைநகரில் ஒரு ஐரோப்பியத் தூதரகத்தில் டைப்பிஸ்ட். எந்தத் தேசத்தின் தூதரகம் என்று நீங்கள் சொன்னதில்லை. அதனால் நானும் எழுதவில்லை. சயாம் ராஜா எப்படி இருக்கிறார், யார் சொல்லைக் கேட்கிறார், அரண்மனைக்குள் யாருக்கும் யாருக்கும் ஆகவில்லை என்றெல்லாம் விசாரித்து, வாராவாரம் தங்கள் நாட்டுக்கு ரகசியமாக எழுதி அனுப்புவது அவர்களுடைய வேலை. அத்தனையும் உங்கள் பத்து விரல் வழியாகத்தான் போயிற்று.

நாலே வருஷத்தில் வேலை போய் ஊர் வந்து சேர்ந்தீர்கள். அரண்மனையிலிருந்து எதையோ திருடி, சோதனையில் பிடிபட்டதாகப் பேச்சு. யார் கிளப்பியதோ? பெண்ணாடத்து அத்தை, உங்கள் கூடப் பிறந்தவளே, என்னை "அரண்மனையில திருடனவன் மவதான நீ" என்று எத்தனை விசேஷத்தில் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறாள்! நீங்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருப்பீர்கள். ஆமாம் என்றதும் இல்லை, இல்லை என்றதும் இல்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது நானே கேட்டேன். "வேலையில பாத்தத வெளியில சொல்றதில்லம்மா" என்றீர்கள். அன்றைக்கு எனக்கு உங்கள் மேல் கோபம். மகளிடம்கூடவா? அந்தக் கோபத்தோடுதான் உங்களுக்கு வாய்க்கரிசி போட்டேன். இப்போது சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள்.

ஊர் வந்தபிறகு தாலுகா ஆபீஸ் வாசலில் மனு தட்டிக்கொடுத்தே எங்களை வளர்த்தீர்கள். மதியச் சோற்றுத் தூக்கை எடுத்து வந்து நான் பக்கத்தில் நின்றிருப்பேன். "வாய்க்கால மறிச்சிட்டானுங்க, எழுதுங்க சாமி" என்று யாராவது வருவார்.

"மறிச்சத நீ கண்ணால பாத்தியா?"

"ஊரே சொல்லுதுங்க."

"அப்ப ஊரு சொல்லுதுன்னுதான் அடிப்பேன். மறிச்சான்னு அடிக்க மாட்டேன். போயி பாத்துட்டு வா, மாத்தி அடிக்கிறேன்."

பாதிப் பேர் திட்டிக்கொண்டே பக்கத்து டைப் மிஷின்காரரிடம் போய்விடுவார்கள். பிழைக்கத் தெரியாதவர் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அந்தக் காலத்துத் தூதரகக் கடிதங்களை ஆராய்ச்சி செய்து புத்தகம் எழுதுகிறாளாம். ஒரு கோப்பில், விருத்தாசலத்தைச் சேர்ந்த இந்திய டைப்பிஸ்ட் என்று பார்த்துவிட்டு, தாலுகா ஆபீஸ் வாசலில் விசாரித்திருக்கிறாள். வயதான பத்திர எழுத்தர் ஒருவர், "சயாம்காரர் வூடா? பொம்மைச் சூளைக்கு அடுத்த வூடு" என்று கை காட்டியிருக்கிறார். நாலு ஜெராக்ஸ் தாளை ஒரு உறையில் போட்டுக் கொடுத்து, "படிச்சுட்டு போன் பண்ணுங்க, ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குப் பிரிக்கப் பயம். திருட்டு என்று அச்சடித்திருந்தால்? சுவாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். காலையும் மாலையும் அதற்கும் சேர்த்துத்தான் தீபாராதனை. இரண்டு நாள் பார்த்துவிட்டு உங்கள் மாப்பிள்ளை கத்தினார்.

"அது என்னா சாமியா, கற்பூரம் காட்டறதுக்கு? பிரிச்சிப் படி."

"திருடினார்னு இருந்துச்சின்னா?"

"இருந்தா என்னா பண்ணுவ? வேற அப்பன் தேடுவியா? படிடீ."

ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தானாகக் கற்ற ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகத் தடவிப் படித்தேன். நாலு பக்கத்துக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று. நான் புரிந்துகொண்டது இதுதான்.

அது ஒரு மார்கழி. ராஜா ஒரு வாரமாக வெளியே வரவில்லை. ராஜாவின் கோயிலில் கதவைச் சாத்திக்கொண்டு புரோகிதர்கள் அழுகிற மாதிரி எதையோ இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள். தூதரகச் செயலாளர் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, ராஜா சாகக் கிடக்கிறார், அந்திமச் சடங்கு தொடங்கிவிட்டது என்று தந்தி எழுதி உங்களிடம் கொடுத்திருக்கிறார். நீங்கள் தட்டவில்லை. யார் பார்த்தது என்று அவரையே கேட்டிருக்கிறீர்கள்! கொடுத்ததைத் தட்டுவதுதான் உன் வேலை என்றாராம். ஒரு நாள் அவகாசம் கேட்டுவிட்டு, அன்று மாலையே அந்தக் கோயில் வாசலில் போய் நின்றிருக்கிறீர்கள்.

உள்ளே பாடினது தமிழ், அப்பா! மார்கழி விடியலில் நம் பழமலைநாதர் சந்நிதியில் நானும் நீங்களும் பாடிவந்த பாட்டு. என்றோ கடல் தாண்டிப் போன புரோகிதர்களின் வம்சம், அர்த்தம் தெரியாமலே, ராகம் மாறி, வார்த்தை தேய்ந்து பாடிக்கொண்டிருக்கிறது. ஒரு கிழப் புரோகிதர் கதவைத் திறந்து வந்து, நீங்களும் கூடவே முணுமுணுப்பதைக் கண்டு திகைத்துப்போயிருக்கிறார். சாவுக்குப் பாடுவதல்ல, ஆண்டுதோறும் சுவாமியை வரவேற்கப் பாடுவது என்று மறுநாள் நீங்கள் சொல்லித்தான் தந்தி நின்றது. மூன்றாம் நாள் ராஜா ஊர்வலம் வந்தார். அவருக்கு வெறும் ஜலதோஷம்.

தந்தியை நிறுத்தியது சரிதான் என்று அந்தச் செயலாளரே எழுதியிருக்கிறார். ஆனால் தூதரகத்து ஆள் அரண்மனையைச் சேர்ந்தவர்களிடம் பேசக் கூடாது, அவர்கள் கையால் எதையும் வாங்கக் கூடாது என்பது கட்டளை. நீங்கள் மடியில் ஒரு பொட்டலத்தோடு திரும்பியதைக் காவல்காரன் பார்த்திருக்கிறான். ரகசியக் காகிதமோ என்று பிரித்துச் சோதித்தார்கள். உள்ளே இருந்தது பொரி. அந்தக் கிழவர் கொடுத்த பிரசாதம்.

கட்டளை தெரிந்தும் ஏன் வாங்கினாய் என்று கேட்டதற்கு, சுவாமி பிரசாதத்தை நீட்டினால் கையை ஏந்தத்தான் தெரியும் என்று பதில் சொன்னீர்களாம். அதற்குத்தான் வேலை போயிற்று.

அடுத்த பஸ்ஸிலேயே பெண்ணாடம் போனேன். அத்தைக்கு எண்பது தாண்டியாயிற்று, வாய் மட்டும் இன்னும் இளமை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொரியா?"

"ஆமாங்க அத்த."

"போடி இவளே. தங்கம்னாங்க, வைரம்னாங்க. ஒரு பொட்டலம் பொரிக்கா வேலைய வுட்டுட்டு வந்தான்?" சிரித்தாள். பொக்கை வாய் திறந்து, இருமல் வரும்வரை சிரித்தாள். அப்புறம் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். "திருடன் தங்கச்சின்னு நிச்சயம் பண்ண எடத்துல வேணாம்னுட்டாங்க. ரெண்டாந்தாரமா இந்த வூட்டுக்கு வந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவன் வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?"

அதற்குப் பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாததால் ஒருத்தியின் வாழ்க்கை திசை மாறிப்போனது உங்களுக்குத் தெரியுமா, அப்பா? தெரிந்துதான் அவள் ஏச்சையெல்லாம் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டீர்களா?

உங்களைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. அதே சமயம் அத்தையின் அழுகையும் நியாயம். இரண்டையும் எனக்குச் சேர்த்துவைக்கத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. நாலு பக்கத்திலும் உங்கள் பெயர் இல்லை. இந்திய டைப்பிஸ்ட், இந்திய டைப்பிஸ்ட், அவ்வளவுதான். புத்தகத்தில் பெயர் போடலாமா என்று அந்தப் பெண் கேட்கிறாள். வெளியில் சொல்வதில்லை என்ற உங்கள் வார்த்தையை நான் மீறலாமா? கோயிலில் மூன்று நாள் உட்கார்ந்து யோசித்தேன். கடைசியில் முடிவு சொன்னது அத்தைதான், போனில்: "திருட்டுப் பேர ஊரெல்லாம் போட்டாங்கல்ல? நல்ல பேரையும் போடச் சொல்லு. எம்பேரையும் சேத்துப் போடச் சொல்லு, அவன் தங்கச்சின்னு."

அதனால் உங்கள் வார்த்தையை இந்த ஒரு விஷயத்தில் மீறுகிறேன், அப்பா. ராஜாவைப் பற்றி நீங்கள் அறிந்தவை உங்களோடு போனவை. அவற்றை யார் கேட்டாலும் தேட மாட்டேன், இது சத்தியம். ஆனால் விருத்தாசலம் நடேசன் என்று, தங்கை பெயரோடு, தெளிவாக எழுதி அந்தச் சென்னைப் பெண்ணுக்கு நாளைக் காலை தபாலில் சேர்த்துவிடுவேன்.

கல்யாணமான நாளிலிருந்து எழுதாத தலைப்பெழுத்தைப் போட்டுக் கையெழுத்திடுகிறேன்,

உங்கள் மூத்த மகள்,
ந. சிவகாமி