கட்டுச்சோற்று நாளில் நீ சொன்னது

அக்கா,

இன்று காலை ஆஸ்பத்திரியில் என் மருமகளின் பச்சைக் குழந்தையை மடியில் வைத்திருந்தேன். பால் வாசம். நர்ஸ் வந்து அவளிடம், "தூக்கம் வருதாம்மா? சும்மாவே அழுகை வருதா?" என்றாள். "ஆமாங்க சிஸ்டர், ரெண்டு நாளா" என்று அவள் கூசாமல் சொன்னாள். இந்தக் கேள்வியை அன்று உன்னிடம் யாரும் கேட்கவில்லையே என்றிருந்தது.

எழுபதுகளின் கடைசி அது. அண்ணனுக்கு நீயும் தம்பிக்கு நானுமாக, ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தோம். தலைப்பிள்ளை பிறந்த பத்தாம் நாளிலிருந்து நீ தூங்கவில்லை. "இது எம்புள்ள இல்ல, மாத்திட்டாங்க" என்று மிரண்டாய். மாமியார் கோடாங்கியை வரவழைத்தார். பேயை விரட்டுகிறேன் என்று அவன் உடுக்கை அடித்து, வேப்பங்குச்சியால் உன்னை விளாசினான். நீ திமிறாதபடி அழுத்திப் பிடித்திருந்தவள் நான்.

தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா உன் முதுகைப் பார்த்துவிட்டு, "இது பேறுகாலத்துக்குப் பொறவு வர்ற நோவுங்க. சேலம் கூட்டிட்டுப் போங்க" என்று உன் வீட்டுக்காரரிடம் சொன்னார். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அவர் உன்னை ஏற்றினார். ஒரு மாதம் கழித்துத் தெளிந்த முகத்தோடு திரும்பி வந்து பிள்ளையை வாரி எடுத்தாய். ஊர்தான் தெளியவில்லை. நீ மொண்டு கொடுத்த தண்ணீரைக் குடிக்கக்கூடத் தயங்கினார்கள்.

அடுத்த வருடம் எனக்கு ஏழாம் மாதம். என் அம்மா சீமந்தக் கட்டுச்சோறு கொண்டுவந்த அன்று மாமியார் உன்னிடம், "நீ சமையக்கட்டுலயே இரு" என்றார். பெண்கள் எனக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி நீ நடுவில் வந்து நின்றாய்.

"எனக்குப் பேய் புடிக்கலீங்க. புள்ள பெத்த ஒடம்புல நோவு வந்துச்சு. மாத்தர தின்னு நல்லாயிட்டேன், இன்னமும் திங்கறேன். நாளைக்கு உங்க ஊட்டுப் புள்ளைங்களுக்கு இப்படி வந்துச்சுன்னா கோடாங்கியக் கூப்புடாதீங்க, என்னையக் கூப்புடுங்க. ஆஸ்பத்திரிக்கு நான் கூட வாரேன்."

குரல் நடுங்கியது. ஆனால் நீ தலை குனியவில்லை. என் அம்மாதான் சந்தனக் கிண்ணத்தை உன்னிடம் நீட்டினார். "வா சாமி, நீ பூசு."

எனக்கு அந்த நோய் வரவில்லை. ஆனால் ஒரு மத்தியானம் மேற்குத் தெருக்காரி ஒருத்தி கொல்லைப்புறமாக வந்து, "ஏனுங்க, அந்த டாக்டரு எங்க இருக்காருங்க?" என்று கிசுகிசுத்தாள். அவள் மகளோடு நீ சேலத்துக்குப் போனாய். எண்பதுகளில் எத்தனையோ பேர், பக்கத்து ஊர்களிலிருந்தும். பிற்பாடு அவர்கள் முன்வாசல் வழியாகவே வந்தார்கள். மாமியாரே, மனசு கலங்கிக் கிடந்த தன் அண்ணன் மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "இவனையும் ஒரு நட கூட்டிட்டுப் போ சாமி" என்றாரே, அன்று நான் அடுப்படியில் நின்று பூரித்துப்போனேன்.

கோடாங்கி வந்த நாளைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. களத்தில் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது நானே சொல்லி அழுதேன். "அன்னைக்கு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உடு புள்ள" என்றாய்.

நீ போய் இரண்டு வருடமாகிறது. இன்னும் ஆட்கள் வருகிறார்கள். "அக்கா இல்லீங்களா?" என்று வாசலில் தயங்குகிறார்கள்.

"நான் வாரேன், இருங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்கிறேன்.