பிடரியில் பதிமூன்று மில்லிமீட்டர்

மார்ச் 3, ஞாயிறு

மேல்வீட்டுக்காரன் இன்றும் தொட்டி நிரம்பி வழியவிட்டு, காயப்போட்டிருந்த என் சட்டைகளை நனைத்தான். இது ஏழாவது முறை. சொல்லிப் பயனில்லை, எண்ணிக்கையை மட்டும் குறித்து வைக்கிறேன்.

மாலையில் ஒரு புது வேலை வந்து சேர்ந்தது. மகளின் பிடரியைப் பார்க்கும் வேலை. இதுவரை அவள் அம்மா பார்த்து வந்தாள். கண்புரை முற்றியதில் என் மனைவிக்கு இப்போது எதிரில் நிற்பவர் முகமே புகைமூட்டம். "அளவு பாக்குறதுதானே உங்க தொழில், அவளுக்குக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்றாள். மகள் முக்காலியை இழுத்துவந்து எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

ஆறு வருடமாக எங்கள் பேச்சு 'சாவி எங்கே', 'கேஸ் தீர்ந்துபோச்சு' என்ற அளவோடு சரி. பத்தொன்பது வயதில் ஓட்டல் வரவேற்பு மேஜையில் வேலை கிடைத்ததும், சுருட்டை முடியை க்ரீம் போட்டு நேராக்கிக்கொண்டு வந்து நின்றாள். "இது யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டேன். கேட்டதை நான் திரும்பப் பெறவில்லை. அவளும் மறக்கவில்லை.

மற்ற இடமெல்லாம் ஆறு வருட க்ரீமைத் தாங்கிவிட்டது. பிடரி தாங்கவில்லை. கழுத்தை ஒட்டிய முடி ஒடிந்து ஒடிந்து, எலி கடித்த புல் மாதிரி நிற்கிறது. ஒரு மாதமாக க்ரீமை நிறுத்திவிட்டு அதை வளர்க்கப் பார்க்கிறாள்.

எஃகு அளவுகோலை வைத்து ஓர் இழையை நீட்டிப் பார்த்தேன். மொத்தம் 22 மி.மீ. அடியில் 9 சுருள், நுனியில் 13 நேர். ஒரே இழைதான். நுனி யாரோ ஒருத்தியுடையது. அடி என்னுடையது. அதே கருமை, அதே பிடிவாதம். விட்டதும் சட்டென்று சுருண்டுகொண்டது. தராசுகளையும் அளவுகோல்களையும் சரிபார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு இருபத்தைந்து வருட வேலை, ஆனாலும் இன்னொரு முறை நீட்டிப் பார்த்தேன். அவள் கவனித்திருக்க மாட்டாள்.

தன் பிடரியைத் தானே பார்க்க ஒருவராலும் முடியாது. இத்தனை வயதுக்கு இது எனக்கு ஏன் தோன்றவே இல்லை?

மார்ச் 5

இயற்கையாக வந்ததைக் கெடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று சும்மா சொல்லிவைத்தேன். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நீங்க மட்டும் என்னப்பா பண்ணீங்க? முப்பது வருஷமா மாசாமாசம் இதே சுருட்டைய ஒட்ட வெட்டிக்கிறீங்க. நான் நேராக்கிக்கிட்டேன். ரெண்டும் ஒண்ணுதான்."

வாயாடி. இவளுக்கு என்ன தெரியும்? கல்லூரியில் எனக்குக் 'கம்பளி' என்று பெயர் வைத்தவர்கள் நான்கு பேர். நால்வர் பெயரும், அவர்கள் உட்கார்ந்த பெஞ்சும் இன்றுவரை நினைவிருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

22 மி.மீ. இனி மொத்த நீளத்தை மட்டும் எழுதினால் போதும். சுருள் எவ்வளவு, நேர் எவ்வளவு என்பதெல்லாம் அலங்காரம்.

மார்ச் 14

முக்காலியில் உதிர்ந்து கிடந்த இழை ஒன்றைத் தாளில் மடித்துக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். மதிய இடைவேளையில் நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன்.

என்ன சொல்வது! சுருண்ட பகுதியில் செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. ஒரு செதில்கூடப் பிசகவில்லை. யார் மேஸ்திரி? பிறகு ஒட்டு வருகிறது. அங்கிருந்து செதில்கள் பிளந்து, தூக்கி, காற்றில் பிய்ந்த கூரை. அந்த எல்லையில் இழை மெலிந்து, தாண்டி, தொடர்கிறது. அறுந்துபோயிருக்க வேண்டியது. எப்படிப் பிடித்துக்கொண்டு நின்றது என்று தெரியவில்லை. சோற்றை மறந்துவிட்டேன்.

பின்னால் வழுக்குப்பாறையின் குரல்: "என்ன சார், இப்ப முடிக்கெல்லாம் சர்ட்டிபிகேட் குடுக்குறீங்களா?" எனக்குக் கீழே சேர்ந்து இப்போது எனக்கு மேலே உட்கார்ந்திருப்பவன், எந்தப் பக்கம் பிடித்தாலும் நழுவுவதால் நான் வைத்த பெயர். பதினொரு வருடத்துக்கு முன், நான் சரி என்று கையெழுத்திட்ட தராசு அறிக்கையில் பிழை இருப்பதாக எழுதிக் கொடுத்தவன். என் பதவி உயர்வு அன்றோடு போயிற்று. பிழை என்னுடையதல்ல, அன்று அறையின் வெப்பம் சரியில்லை. எத்தனை முறை சொன்னேன்.

மார்ச் 17, ஞாயிறு

22.

அவள் சீருடைச் சட்டைகள் ஐந்துக்கும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தேன். மனைவிக்குப் பார்வை மங்க ஆரம்பித்ததிலிருந்து, இரண்டு மாதமாக இது என் பாடு. காலர் அட்டை மாதிரி நிற்கிறது. நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை? இந்த வீட்டில் அதற்குப் பஞ்சம்.

மார்ச் 24, ஞாயிறு

22. வளர்ச்சி இல்லை.

ஆனாலும் ஒன்று எழுத வேண்டும். அளக்கும்போது ஒவ்வொரு வாரமும் அவள் தலையைக் கொஞ்சம் அதிகமாகக் குனிகிறாள். கழுத்து எலும்பின் மேல் இடப்பக்கமாக ஒரு சுழி இருக்கிறது. முடி எல்லாம் அதைச் சுற்றித்தான் கிளம்புகிறது, சுழலில் சிக்கிய இலைகள்போல. பிறந்த மூன்றாம் நாள் இதை நான் பார்த்திருக்கிறேன்! அப்போது பொட்டளவு இருந்தது. இருபத்தைந்து வருடம் அங்கேயே சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறது.

மார்ச் 31, ஞாயிறு

22.

"வளருதாப்பா?" என்று கேட்டாள். முடியைப் பற்றி அவளாகக் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்றேன்.

பத்தாம் தேதி பார்லரில் நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். மறுபடி க்ரீம். ஓட்டலில் மேலாளரம்மா, பாதி சுருட்டை பாதி நேராக வந்து விருந்தாளி முன்னால் நிற்காதே என்று சொல்லிவிட்டாராம். பார்லர்க்காரப் பெண்ணோ, பிடரியில் இன்னொரு தடவை வைத்தால் வேர் தாங்காது, பிறகு அங்கே முளைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்கிறாளாம்.

"எப்படியும் வளரலைன்னா, எதுக்குக் காத்திருக்கணும்?" என்றாள்.

அவள் தோள் இறங்கியதை மட்டும் பார்த்தேன். முகம் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னேன், அவ்வளவுதான். உள்ளதைச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்குவது எனக்குப் புதிதா?

ஏப்ரல் 7, ஞாயிறு – மதியம்

கை ஓடவில்லை. ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன்.

அவள் பகல் வேலைக்குப் போயிருக்கிறாள். துவைக்கப் போட்ட சட்டை ஒன்றின் காலரை உள்பக்கம் திருப்பினேன். வெள்ளைத் துணியில் காற்புள்ளிகள். ஊதினேன், போகவில்லை. கஞ்சியில் விறைத்த விளிம்பில் குத்திக்கொண்டு நிற்கின்றன. கூடத்துப் பூதக்கண்ணாடியை எடுத்தேன். முடித் துண்டுகள். இரண்டு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர். வீட்டில் இருந்த நான்கு சட்டையிலும்.

நேற்று அவள் தலை வாரும்போது பார்த்தது அப்போதுதான் உறைத்தது. பிடரியில் நேர் முடியே இல்லை. அடி முதல் நுனி வரை சுருள்.

முதல் வாரம் நேர் 13, சுருள் 9. இப்போது நேர் பூஜ்யம். மொத்தம் அதே 22. அப்படியானால் சுருள் 22. பதிமூன்று ஒடிந்திருக்கிறது, பதிமூன்று முளைத்திருக்கிறது. முப்பத்தைந்து நாளில் பதிமூன்று. ஆரோக்கியமான முடி வளரும் வேகம்.

அது ஒரு நாளும் நிற்கவில்லை. நான் 'வளர்ச்சி இல்லை' என்று இந்த நோட்டில் எழுதிய நிமிஷத்தில்கூட வளர்ந்துகொண்டு இருந்திருக்கிறது. மேலே என் காலர் அறுக்க அறுக்க, அடியிலிருந்து தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. முறையிடவில்லை, கோபிக்கவில்லை, கணக்கு வைக்கவில்லை. என்ன பொருள் இது? எதனால் செய்தது? கண்ணாடியைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

சரி. இனி என்ன?

கஞ்சியை இன்றோடு நிறுத்திவிட்டுப் பேசாமல் இருக்கலாம். 'வளர ஆரம்பிச்சிருக்கு, க்ரீம் வேண்டாம்' என்று சொன்னால் போதும். மேல்வீட்டுத் தொட்டியின் உப்புத் தண்ணீர்மேல் பழியைப் போடலாம். நம்பும்படியாகத்தான் இருக்கும். மூன்று மணியிலிருந்து இதையே அரைத்துக்கொண்டிருக்கிறேன். 'என் தப்பு' என்று நான் கடைசியாக யாரிடம் சொன்னேன்? யோசித்துப் பார்க்கிறேன். ஒரு முகமும் வரவில்லை.

அதே நாள் – மாலை

ஆறு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

"காலர்ல கஞ்சி போட்டது நான்தானே. அதுதான் உன் முடிய அறுத்திருக்கு. அளந்ததும் தப்பு. மொத்தத்த மட்டும் பாத்தேன். என் தப்பும்மா."

ஒரு கால் செருப்போடு நின்றாள். உள்ளே மனைவி ரேடியோவைச் சின்னதாக்கும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு போச்சு?"

"பதிமூணு மில்லிமீட்டர்."

"எவ்வளவு வந்துச்சு?"

"பதிமூணு."

"அப்போ வளருதுன்னு சொல்லுங்க" என்றாள்.

சிரித்தாளா அழுதாளா, என்னால் பிரிக்க முடியவில்லை. நான் ஒடிந்துபோனதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் காதில் விழுந்தது முளைத்துவந்தது மட்டும்தான்.

ஏப்ரல் 8

தராசு அறிக்கை. அறையின் வெப்பம் காரணமல்ல. நான் சரியாகப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 10, புதன்

போகவில்லை. பார்லருக்கு அவளே போன் செய்து நேரத்தை ரத்து செய்துவிட்டாள்.

சட்டைகளை வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியை முழுதும் எடுத்தேன். காலரின் உள்பக்கம் வழவழப்பான சாட்டின் ரிப்பன் வைத்துத் தைக்கச் சொன்னது மனைவி. கண் தெரியாதவள் சொல்லச் சொல்லக் கை தெரியாதவன் தைத்தேன். நான்கு இடத்தில் ஊசி ஏறியது. "ரத்தம் துணில படப்போகுது" என்று அவளுக்குக் கவலை. என் விரலைப் பற்றிக் கேள்வியே இல்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

27.

ஒரு தடவை பார்த்து நம்பாமல் மூன்று தடவை அளந்தேன். 27. "என்னப்பா, தூங்கிட்டீங்களா?" என்றாள்.

மே 12, ஞாயிறு

35. இப்போது அளக்கும்போது பேசுகிறாள். அறைச் சாவியைப் பல்லால் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போடும் விருந்தாளி, மூன்று நாளாக லிப்டிலேயே சண்டை போட்டுக்கொள்ளும் தம்பதி. பள்ளிக்கூடத்தில் பின்பெஞ்சுப் பெண்கள் அவள் முடிக்குள் பென்சில் செருகி வைப்பார்களாம்; வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போதுதான் அவளுக்கே தெரியுமாம். ஒரு நாள் ஐந்து பென்சில். எண்ணி வைத்திருக்கிறாள், என்னைப் போலவே. எட்டாம் வகுப்பு. நான் அதே வீட்டில், அடுத்த அறையில் இருந்திருக்கிறேன்.

அவர்கள் பெயர் கேட்டேன். "எதுக்கு, உங்க லிஸ்ட்ல சேக்கவா?" என்றாள். சொல்லவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

வெட்டிவிட்டாள். தோளுக்குக் கீழே தொங்கிய ஆறு வருட நேர் முடி முழுவதும் போயிற்று. மிச்சம் இருப்பது பிப்ரவரியிலிருந்து முளைத்தது மட்டும். தலை முழுக்க இரண்டு அங்குலத்துக்கும் குறைவான சுருள். கதவைத் திறந்த நான் வழிவிடாமல் நின்றுவிட்டேன்.

"யார் வீட்டுப் பொண்ணுன்னு கேக்கலையா?" என்றாள்.

நகர்ந்து வழிவிட்டேன். என்னைத் தாண்டிப் போகும்போது பிடரியைப் பார்த்தேன். அங்கே எது ஒடிந்தது, எது ஒடியாதது என்று எனக்கே இனி அடையாளம் சொல்ல முடியாது.

ஜூன் 4

குட்டைச் சுருளைப் பார்த்துவிட்டு, மேலாளரம்மா அவளை இரண்டு வாரம் டெலிபோன் அறைக்கு மாற்றியிருக்கிறார். எனக்கு ரத்தம் கொதித்தது. என் பட்டியலில் ஒரு பெயர் ஏறியது. "விடுங்கப்பா, அங்க காலர் வச்ச சட்டையே போட வேணாம்" என்கிறாள். மனைவியும் சேர்ந்து சிரிக்கிறாள். இவர்களோடு ஒரு பகையைக்கூட ஒழுங்காக நடத்த முடியாது.

ஜூன் 20, வியாழன்

காலையில் மனைவிக்கு முதல் கண்ணில் அறுவை முடிந்தது. பதினொரு மணிக்கெல்லாம் வீடு. ஒரு கண்ணில் கழற்றி மாட்டும் மூடி, மறு கண் பழைய புகை. மருந்து கொடுத்த அசதியில் தூங்கிப்போனாள்.

மகள் குளித்துவிட்டு வந்து கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, மெத்தைமேல் தலை சாய்த்திருந்தாள். நான் சொட்டு மருந்தோடு கதவருகே போனபோது, மனைவியின் கை தேடி வந்து அந்தத் தலைமேல் விழுந்தது. விரல்கள் உள்ளே போயின. சுருளைப் பிரித்தன, விட்டன, மறுபடி பிடித்தன.

"என்னங்க, தலையெல்லாம் ஈரம். துவட்டலையா?" என்றாள், தூக்கத்தில்.

மகள் என்னைப் பார்த்தாள். பேசாதீர்கள் என்று உதட்டில் விரல் வைத்தாள்.

"எவ்வளவு நாளாச்சு நீங்க கல்யாணத்தப்போ இருந்த மாதிரி வளத்து" என்றாள் மனைவி.

பன்னிரண்டு மணிக்கு விட வேண்டிய சொட்டு மருந்து. அந்தக் கை முடியிலிருந்து தானாக வெளியே வரும்வரை புட்டியைத் திறக்காமல் நின்றேன். பன்னிரண்டே கால் ஆயிற்று.