நானாவைப் பேய் கொல்லவில்லை

1938 ஒக்டோபர் 15, சனிக்கிழமை, பின்னேரம் நாலரை மணி. கொட்டகை வாசலில் நூற்றுப் பன்னிரண்டு பேர். படம் தொடங்க இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கிறது. நானா, நீங்கள் உயிரோடு இருந்தபோது இவ்வளவு கூட்டத்தை நான் கண்டதில்லை. உங்கள் சாவுக்காக வந்திருக்கிறார்கள்.

முதலாளி வாசலில் பலகை வைத்திருக்கிறார். தார் இன்னும் காயவில்லை. அந்த மணம் என்ஜின் அறை வரை வருகிறது. “இந்தப் பேய்ப் படத்தைத் தனியே பார்த்த எங்கள் விளம்பரக்காரர் பயத்தில் மாண்டார். நெஞ்சுரம் உள்ளவர் மட்டும் வருக.”

நீங்கள் மலேரியாக் காய்ச்சலில் போனீர்கள். கொயினாக் குளிசை கொண்டுவந்து தந்தவன் நான். படப்பெட்டி கொழும்பிலிருந்து வந்ததே உங்களை அடக்கிய பிறகு. இதை யார் கேட்கிறார்கள்?

படம் ஓட்டுகிற எனக்கு விளம்பரம் என்றாலே எரிச்சல். வெளிச்சம் சரியாக விழுந்தால் ஆள் தானாக வரும் என்பேன். “வெளிச்சம் உள்ளுக்கு வந்தவனுக்கு. வெளிய நிக்கிறவனுக்கு நான்தான்,” என்பீர்கள்.

போன வருடம் மாட்டு வண்டியில் கறுப்புச் சீலை கட்டி, சவப்பெட்டியில் படுத்துக்கொண்டு மதுரங்குளிச் சந்திக்கு வந்தீர்கள். மூடியைத் தள்ளி எழும்பிப் பயங்காட்டுவது திட்டம். கரையிலிருந்து மீன் விற்க வந்த வேதக்காரர்கள் பெட்டியைக் கண்டதும் தலைத்துண்டை எடுத்து, சிலுவை போட்டு, செபம் சொல்லிக்கொண்டு பின்னாலேயே நடக்கத் தொடங்கிவிட்டார்கள். எழும்பினால் அடி விழும்.

“தம்பி, இவங்க எப்ப போவாங்க?” என்று பெட்டிக்குள்ளிருந்து முனகினீர்கள்.

“உங்கள அடக்கின பிறகு,” என்றேன்.

நீயும் வேதக்காரன்தானே, முதலே சொல்லியிருக்கக் கூடாதா என்று பிறகு ஏசினீர்கள். என்னிடம் கேட்டீர்களா?

மதினி இப்போது இத்தாவில், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கிறார். தில்லையடியில் உங்கள் வீட்டுப் படலையில் ஆட்கள் வந்து எட்டிப் பார்க்கிறார்கள். காலையில் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார்: “தம்பி, அவரு காச்சல்ல மவுத்தானவரு. பேயடிச்ச ஊடா எண்டு புள்ளைகள்ட்ட கேக்கிறாங்க. நாளைக்கு இந்த ஊட்டுல ஆரு சம்பந்தம் செய்வா?”

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். “அவன் இருந்தா அவனே இதச் செஞ்சிருப்பான்,” என்றார்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செய்திருப்பீர்கள். ஆனால் பெட்டியில் நீங்கள்தான் படுத்தீர்கள். மதினியையும் பிள்ளைகளையும் படுக்க வைக்கவில்லை.

ஆகவே இனி:

1. பலகையைக் கழற்றுவேன்.

2. முதலாளி தடுத்தால் டைனமோ பெல்ட்டைக் கழற்றி என் இடுப்பில் கட்டிக்கொள்வேன். இருட்டில் அவர் எந்தப் பேயைக் காட்டுகிறார் பார்ப்போம்.

3. நீங்கள் கூவி ஆள் கூப்பிட்ட தகரக் குழல் என்னிடம் இருக்கிறது. அதே வண்டியில் ஏறித் தில்லையடித் தெருவெல்லாம் சொல்வேன்: நானா காய்ச்சலில் போனவர், படம் வந்தது அதற்குப் பிறகு. எனக்குக் கத்த வராது. கத்துவேன்.

4. அதைக் கேட்டும் ஆட்கள் டிக்கெட் எடுக்க வந்தால், படத்தை ஒழுங்காக ஓட்டுவேன். நீங்கள் சிரிக்க வேண்டாம்.