என்னிடம் சொன்னது

1997 மார்ச் 11

இன்று முழுக்கத் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. அருணாச்சலத்துக்கு செகண்ட் ஷிஃப்ட். இந்த மராத்திக்கார ஊரில், எங்கள் போசரி கம்பெனியில் தொள்ளாயிரம் பேர். தமிழ் பேச நானும் அவரும்தான். நான் லா ஆபீசர், அவர் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். கேண்டீனில் தட்டோடு என் மேஜையருகே நின்று இரண்டு நிமிஷம் பேசுவார். உட்காரமாட்டார். ஆள் இருந்தால் "மேடம்", இல்லாவிட்டால் "அக்கா". அந்த இரண்டு நிமிஷத்துக்காகவே வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். யாரிடம் சொல்லப்போகிறேன்?

மார்ச் 19

அருணாச்சலத்துக்குக் குற்றப்பத்திரிகை. எழுதியது நான்தான், என் வேலை அது. பக்கத்து மிஷின்காரன் வராத நாளில் அவன் வருகைக் கார்டையும் இவர் பஞ்ச் செய்தாராம். வாட்ச்மேன் தூரத்திலிருந்து பார்த்தானாம். அன்று கண்ணாடி போட்டிருந்தானா என்று அவனுக்கே ஞாபகமில்லை. இந்தச் சாட்சி நிற்காது. உள்ளுக்குள் நிம்மதி. கம்பெனிச் சம்பளம் வாங்குகிறவள் இப்படி எழுதக் கூடாது.

ஏப்ரல் 4

விசாரணை. கம்பெனி தரப்பில் நான். விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து கேள்கர் என்ற பழைய வக்கீல். அருணாச்சலத்தின் ஹிந்தி கடைத்தெருவுக்குப் போதும், விசாரணைக்குப் போதாது.

"நாளைக்கு கோர்ட்டில் போய் ஒன்றும் புரியவில்லை என்பான். நீங்களே தமிழில் கேட்டுச் சொல்லுங்கள், மேடம்" என்றார் கேள்கர்.

குற்றம் சாட்டுகிறவளே மொழிபெயர்க்கக் கூடாது. சட்டக் கல்லூரியில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் தலையாட்டினேன். ஒரு மணி நேரம் தமிழில் பேசலாமே என்ற ஆசை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

கேள்வியைச் சொன்னேன். தமிழைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்ககிட்ட மறைக்க என்னக்கா இருக்கு? நான்தான் கார்டு அடிச்சேன். அவன் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி, கெஞ்சினான். இவங்ககிட்ட என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க."

"க்யா போலா?" என்ன சொன்னான் என்று கேட்டார் கேள்கர்.

மொழிபெயர்த்தேன். வார்த்தை பிசகாமல். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்று கேள்கர் எழுதிக்கொண்டார். அருணாச்சலம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மே 2

டிஸ்மிஸ்.

மே 3

அரை மணியில் கேஸை முடித்தேன் என்று மேனேஜர் பேடா கொடுத்தார். தின்றேன். கேண்டீனிலும் சாப்பிட்டேன். பசித்ததே, என்ன செய்ய!

ஜூன் 15

அருணாச்சலத்தின் வீடும் இதே தாபோடிதான், நாலு தெரு தள்ளி. போய் என்ன சொல்வது? "சரியாத்தான் மொழிபெயர்த்தேன்"னா? கதவு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். என் வீட்டுக் கதவு வரைக்கும்.

1999 பிப்ரவரி 8

வேலை நீக்கத்தை எதிர்த்து அவர் போட்ட வழக்கு லேபர் கோர்ட்டில் சாட்சிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அவருடைய வக்கீல் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார். கம்பெனி வக்கீல் சொல்கிறார்: "விசாரணையில் சொன்னார் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்." பொய்யில்லையே? விசாரணை அறையில்தானே சொன்னார்?

சென்னையில் இருக்கும் கிரிஜா அக்காவுக்குப் போன் செய்தேன். "நாப்பத்திமூணு வயசுல வேலை போனா என்னடி பண்ணுவே?" என்றாள். நியாயமான கேள்வி.

பிப்ரவரி 23

கூண்டில் ஏறினேன். கார்டு அடித்ததை அவர் யாரிடம் சொன்னார் என்று கேட்டார்கள்.

என்னிடம்தான் என்றேன். விசாரணைக்குச் சொல்லவில்லை, தன் அக்காவிடம் சொல்வதுபோலச் சொன்னார். அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடமே யோசனை கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கம்பெனி வக்கீல் பேனாவை மூடிவைத்தார்.

எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. அருணாச்சலம் தலை நிமிரவேயில்லை. என்ன புரிந்ததோ.

மார்ச் 1

ராஜினாமா. அவர்களே டைப் செய்து வைத்திருந்தார்கள்.

2000 ஆகஸ்ட் 17

விசாரணை செல்லாது என்று கோர்ட் சொன்னதையும், கம்பெனி அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டதையும் கேள்விப்பட்டிருந்தேன். இன்று காலை தாபோடி பஸ் ஸ்டாப்பில் நேரிலேயே பார்த்தேன். பக்கத்தில் வேறு ஆள் இல்லை. சலவை யூனிஃபார்ம், கையில் சாப்பாட்டு டப்பா. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வேலைல சேர்ந்துட்டேளாமே, அருணாச்சலம்! கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டேன்" என்றேன்.

"ஹாங், மேடம். ஆப்கி மெஹர்பானி." உங்கள் தயவு என்று ஹிந்தியில் சொல்லிக் கை கூப்பினார். முகத்தில் கோபம் துளிகூட இல்லை.

"ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?"

"சப் டீக் ஹை, மேடம்." எல்லாரும் சௌக்கியமாம்.

இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அதற்குள் போசரி பஸ் வந்துவிட்டது. "சல்த்தா ஹூங்" என்று ஹிந்தியிலேயே விடைபெற்று ஏறிக்கொண்டார்.