பீரோவுக்குள் ஒளித்து வைத்த அப்பாவுக்கு

என் அப்பாவுக்கு,

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். படித்து முடித்ததும் திட்டலாம், நடுவில் வேண்டாம்.

வீட்டை விற்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். உங்களிடம் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? நீங்கள் போன நாலாவது மாதம் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள். காலையில் பால் ஊற்ற வந்தவர் கூப்பிட்டுப் பார்த்துக் கதவைத் திறக்கும்வரை ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறாள். இடுப்பெலும்பு முறிவு. மூன்று மாதம் சித்தி வந்திருந்து பார்த்துக்கொண்டாள். அவளும் விளாத்திகுளத்துக்குத் திரும்பிவிட்டாள், அவளுக்கும் குடும்பம் இருக்கிறதல்லவா.

கோயம்புத்தூரில் நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவால் ஏற முடியாது. முத்தையாபுரத்தில் இந்த வீட்டை விற்றால்தான் அங்கே கீழ்த்தளத்தில் ஒரு வீடு பார்க்கலாம். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள், எனக்குத் தெரியவில்லை.

பத்து நாள் லீவு போட்டு வந்து வீட்டைத் தயார் செய்தேன். பார்க்க வருகிறவர்களுக்கு முதல் ஐந்து நிமிடம்தான் முக்கியம் என்று புரோக்கர் அண்ணாச்சி சொல்லியிருந்தார். மேற்குச் சுவரில் பூத்திருந்த உப்பை, வருசா வருசம் நீங்கள் செய்த மாதிரியே, தகரத்தை வைத்துச் சுரண்டினேன். பட்டி பார்த்து அந்தச் சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடித்தாயிற்று. ஜன்னல் திண்டில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "நிலக்கரிக் கப்பல் வந்திருக்கு" என்பீர்களே, அந்தக் கருப்புத் தூசியை ஒரு நாளைக்கு இரண்டு தடவை துடைத்தேன். நீங்கள் வேலை பார்த்த ஹார்பரில் கழித்துப் போட்டதையெல்லாம் கேட்டு வாங்கி வந்து மாடிப்படிக்கு அடியில் சேர்த்து வைத்திருந்தீர்கள். எல்லாம் பழைய இரும்புக்காரரிடம் போயிற்று. ஒரு கொக்கியையும் ஒரு துண்டு வடக்கயிற்றையும் மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டேன். எதற்கென்று அப்போது எனக்கே தெரியவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அண்ணாச்சி ஹாலில் நின்று உங்கள் படத்தைப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க தங்கச்சி. மாலை போட்ட படத்தப் பாத்தா, இங்கன யாரு எப்பம் செத்தாங்கன்னுதான் வாரவங்க மொதல்ல யோசிப்பாங்க. கழத்தி வச்சிருங்க. அம்மாவும் அந்த நேரம் எதுக்க வர வேண்டாம்."

எனக்கு வாய் நீளம் என்று ஊரெல்லாம் சொல்வீர்களே அப்பா. அன்றைக்கு அந்த வாய் எங்கே போயிற்றோ. "சரி அண்ணாச்சி" என்றேன்.

சனிக்கிழமை பார்ட்டி வந்தது. ஒரு கணவன் மனைவி, கூட அந்தப் பெண்ணின் அப்பா. அவர்கள் வருவதற்கு முன்னால், உங்களை மாலையோடு கழற்றி பீரோவில் அம்மாவின் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். பெயிண்ட் வாசம் ஆகாது, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வா என்று அம்மாவைப் பின் வீட்டுக்கு அனுப்பினேன். வாக்கரை ஊன்றிக்கொண்டு, ஒரு கேள்வி கேட்காமல் போனாள்.

அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. அந்தப் பெண் சமையல்கட்டில் ஃப்ரிட்ஜ் எங்கே வைப்பது என்றுகூடப் பார்த்துவிட்டாள். பெரியவர்தான் ஹாலில் ஆணியையும் பக்கத்தில் தொங்கிய சின்ன பல்பையும் பார்த்து, இங்கே என்ன படம் இருந்தது என்று கேட்டார். முருகர் படம், கண்ணாடி உடைந்து மாற்றக் கொடுத்திருக்கிறோம் என்றேன். கூசாமல் வந்தது அப்பா.

அவர் செருப்பில்லாத கால்களைச் சேர்த்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெறும் ஆணியைப் பார்த்து.

திங்கட்கிழமை நல்ல நேரத்தில் அட்வான்ஸோடு வருவதாகச் சொல்லிப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா திரும்பி வந்து, ஹாலின் நடுவில் நின்றாள்.

"ஏளா, அப்பாவ எங்கன வச்சிருக்க?"

பீரோவைத் திறந்து காட்டினேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"அவரு பீரோவுக்குள்ள ஒளிஞ்சிருக்காரு, நான் பின் வீட்டுல ஒளிஞ்சிருக்கேன். நாங்க ரெண்டு பேரும் அப்பிடி என்னளா தப்பு செஞ்சோம்?"

உனக்காகத்தானே அம்மா என்றேன். தெரியும் என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

உங்கள் பழைய மொபெட்டை வாங்க ஒருவர் வந்தாரே, நினைவிருக்கிறதா? அவர் வண்டியில் ஏறி உட்காருவதற்கு முன்பே, பிரேக் சரியாகப் பிடிக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். அம்மா பிழைக்கத் தெரியாத மனுசன் என்று கத்தினாள். "அதுல அவன் பிள்ளைய வச்சுக் கூட்டிட்டுப் போவாம்லா" என்றீர்கள். அந்த வண்டி விலைபோகாமலே துருப்பிடித்தது. உங்களுக்கு அதில் வருத்தமே இல்லை, ஏன்?

சனிக்கிழமையே உங்களைப் பழைய இடத்தில் மாட்டிவிட்டேன். திங்கட்கிழமை காலையில் மறுபடி கழற்றிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன், மறைக்க என்ன இருக்கிறது. ஸ்டூலில் ஏறிச் சட்டத்தைப் பிடித்தேன். முடியவில்லை. கீழே நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

வெற்றிலை பாக்கு, பழத்தோடு வந்தார்கள். பெரியவர் படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னை. பொய் சொல்லிவிட்டேன் அய்யா, இது எங்கள் அப்பா, ஏழு மாதத்துக்கு முன்னால் இந்த ஹாலில்தான் உயிர் போனது என்று சொன்னேன். சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. மேற்குச் சுவரில் உப்புப் பூக்கும், ஜன்னலில் தூசி அடையும், எல்லாம் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து இடுப்பு வலியை விசாரித்தார். நீங்கள் போகும்போது உங்களுக்கு எத்தனை வயது என்று கேட்டார். பிறகு கொண்டு வந்த தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஆளு செத்த வீடுன்னு நான் யோசிக்கலம்மா. எந்த வீட்டுலதான் சாவு விழல? நீ மொதல்லயே சொல்லியிருந்தா வாங்கியிருப்பேன். இனிமே நீ எது சொன்னாலும், இன்னும் என்னத்த மறைக்காளோன்னுதான் இருக்கும்."

அவ்வளவுதான். போய்விட்டார்கள். அண்ணாச்சி அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை.

நீங்கள் தடுக்கவில்லை அப்பா, அம்மா தடுக்கவில்லை. வாசல்வரை வந்த ஆட்களை நான்தான் திருப்பி அனுப்பினேன். நாளைக்கு லீவு முடிகிறது. அம்மா இங்கே தனியாகத்தான் இருக்கப் போகிறாள்.

இன்று கொத்தனாரைக் கூப்பிட்டு உங்கள் கொக்கியை பாத்ரூம் சுவரில் பதித்தேன். அம்மா பிடித்து எழுந்திருக்க அதில் வடக்கயிற்றைக் கட்டி, முடிச்சுப் போட்டு, என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. அம்மா பிடித்துப் பார்த்துவிட்டு, "அவரு கை மாதிரி சொரசொரன்னு இருக்கு" என்றாள். அவள் அழுதாளா என்று பார்க்கத் தைரியம் இல்லாமல் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இனி யார் வீடு பார்க்க வந்தாலும் நீங்கள் சுவரில் இருப்பீர்கள், உங்களுக்குக் கீழே அம்மா இருப்பாள். வருகிறவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே உங்கள் பெயரைச் சொல்லிவிடுவேன். இது சத்தியம்.

ஒரு பெரியவரை வெறும் ஆணியைக் கும்பிட வைத்த,
உங்கள் மகள்