லுவோ மாமாவின் கேள்வி

மார்ச் 4
லான்சோவில் இன்றும் மஞ்சள் தூசி. இன்று முதல் வெளிநாட்டு மருத்துவ மாணவர்களான எங்களுக்கு வார்டு பயிற்சி. மூன்று வருடமாகப் படித்த சீனம் கால் மணி நேரத்தில் கரைந்துபோனது. நோயாளிகள் பேசுவது பாடப்புத்தகச் சீனமே இல்லை. ஒரு கிழவர் காது அடைக்கிறது என்றார். நான் கால் வலி என்று எழுதினேன். எல்லோர் முன்னாலும் டாக்டர் ஃபெங் கேட்டார்: “சாய்க்கால், உன் ஊர்ல காது கால்லயா இருக்கு?”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 9
எங்கள் ஊர் நாரினிலிருந்து அம்மா வீடியோவில். “டாக்டரம்மா, எத்தனை பேர பொழைக்க வெச்ச?” இணைப்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 13
பதினேழாம் படுக்கை லுவோ மாமா. பேருந்து ஓட்டுநர், மஞ்சள் பூத்த கண்கள். நான் பேசினால் மட்டும் எழுந்து உட்காருகிறார். “நூடுல்ஸ கத்தியால வெட்டுற மாதிரி பேசுறியேம்மா! இன்னொரு தடவ சொல்லு, சிரிச்சா வயிறு வலிக்குது, ஆனாலும் சொல்லு.” இந்த ஊரில் என்னை மறுபடி பேசச் சொன்ன ஒரே மனிதர்.

மார்ச் 21
நூருஸ், எங்கள் புத்தாண்டு. விடுதியில் யாருக்கும் தெரியாது. தில்ராபோ மட்டும் கட்டிக்கொண்டாள். என் அறைத்தோழி, தாஜிக் நாட்டுக்காரி. கோடையில் படிப்பை விட்டு ஊருக்கே போகிறாளாம். “நீயும் வந்துடு, சாய்க்கால். இங்க யாருக்காக உட்கார்ந்திருக்க?”



ஏப்ரல் 2
லுவோ மாமாவின் பரிசோதனை முடிவு. கல்லீரல் புற்று, பரவிவிட்டது. நடைபாதையில் லுவோ மாமி என் கையைப் பிடித்தார். “அவருகிட்ட மூச்சு விடாதம்மா. பித்தப்பைல கல்லுன்னு சொல்லி வெச்சிருக்கோம்.” டாக்டர் ஃபெங்கும் அப்படித்தான்: “குடும்பம் முடிவு பண்ணிடுச்சு. நீ வாயத் திறக்காதே.” திறந்தால் மட்டும் யாருக்குப் புரியப்போகிறது?

ஏப்ரல் 10
மாமி சுடுநீர் பிடிக்கப் போயிருந்தார். லுவோ மாமா என்னை அருகே அழைத்தார். இன்று கேலி இல்லை.

“இங்க எல்லாரும் நல்லா பொய் சொல்றாங்க. உனக்கு நம்ம பாஷைல பொய் சொல்ற அளவுக்கு வராது. அதான் உன்கிட்ட கேக்குறேன். புத்துநோயா?”

ஒரு சொல்கூடத் தவறாமல் புரிந்தது. அவருடைய பேச்சு முழுசாகப் புரிந்தது இதுதான் முதல் தடவை.

“மன்னிச்சுக்கோங்க மாமா, நீங்க சொல்றது புரியல.”

மறுபடி கேட்டார். மெதுவாக, வானொலிச் செய்தி போல, சுத்தமான சீனத்தில்.

“புரியல மாமா.”

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “சரி. போய் சாப்பிடு.”

சாப்பிடவில்லை. நான் ஏன் அப்படிச் சொன்னேன்? பயந்துதான். படிப்பிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று — மாமியை நினைத்து ஒன்றும் இல்லை. எனக்காகத்தான். அய்யோ, அந்த மனுஷன் என்னை நம்பித்தானே கேட்டாரு.

ஏப்ரல் 11
என்னிடம் பேசவில்லை.

ஏப்ரல் 19
வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். இனி செய்ய ஒன்றுமில்லை. சக்கர நாற்காலியை நான்தான் மின்தூக்கி வரை தள்ளினேன். மாமி பைகளை எடுக்கத் திரும்பியபோது, மாமா என்னைப் பார்க்காமலே சொன்னார்: “உனக்கு நம்ம பாஷை நல்லா வந்துடுச்சும்மா.”

கதவு மூடிக்கொண்டது.

மே 6
வாய்மொழித் தேர்வில் தேறிவிட்டேன். டாக்டர் ஃபெங் பாராட்டினார். அம்மா அழைப்பில் அழுதாள், சந்தோஷத்தில். அடுத்த வருடத்துக்கு ஆய்வகப் பிரிவைக் கேட்டிருக்கிறேன். அங்கே கண்ணாடித் தகடுகள் மட்டும்தான். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஜூன் 12
தில்ராபோ போய்விட்டாள். அவள் கட்டிலில் மெத்தைகூட இல்லை.

மருத்துவமனை வாசலில் லுவோ மாமியைப் பார்த்தேன். கையில் துக்கத்துக்குக் கட்டும் கறுப்புப் பட்டை. போன வாரம்தானாம். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாதும்மா. நிம்மதியா போனாரு.”

“ஆமா மாமி, அவருக்கு எதுவும் தெரியாது” என்றேன். ஒரு பிழையும் இல்லாமல்.